உரலில் இடித்த வெற்றிலையும் எலும்பில் நட்ட பல்லும்

தருமபுரிக் கடைவீதியின் பழைய பாத்திரக் கடைகளில், உள்ளங்கையில் அடங்கும் இரும்பு உரலும் அதற்கேற்ற சின்ன உலக்கையும் இன்றும் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். இப்போது அதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. வாங்கினாலும் அலமாரியில் அழகுக்கு வைக்கத்தான். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த யாரும் அதைப் பார்த்ததுமே, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டிகள் வெற்றிலை இடித்த காலத்துக்குப் போய்விடுவார்கள். வெற்றிலையைக் கிள்ளிப் போட்டு, பாக்கையும் சுண்ணாம்பையும் சேர்த்து, நைய இடித்து, வழித்து வாயில் அதக்கிக்கொள்வார்கள். சாப்பாடு முடிந்ததும் தெருவில் நாலு வீட்டிலாவது அந்தச் சத்தம் கேட்கும். அந்த உரல் இருக்கிற வீட்டில் பல் இல்லாத ஒருவர் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. குறை என்றுகூடச் சொன்னதில்லை. ‘வயசாச்சு, பல்லு போச்சு’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். நரைக்கும் திரைக்கும் பக்கத்தில் பல் விழுவதையும் வைத்துவிட்ட தலைமுறை அது. இன்று அதே ஊர்களில், ‘இம்ப்ளான்ட் வெச்சுக்கலாமா, பல்செட்டே போதுமா’ என்று பிள்ளைகள் அப்பா அம்மாவோடு பேசுகிறார்கள். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் நடும் செயற்கைப் பல் வேர். பல் விழுந்தால் விழட்டும் என்று விட்டது தவறு என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாகக் காசு கொடுத்தால் புதுப் பல் வந்துவிடும் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. இரண்டுக்கும் காரணங்களைச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் முதல் பல் விழுவதற்கு ஒரு சடங்கே இருந்தது. ஆடுகிற பால் பல்லை நூல் கட்டி இழுத்து, சாண உருண்டைக்குள் வைத்து, கூரை மேல் எறிவார்கள். புதுப் பல் வெள்ளையாக முளைக்க வேண்டும் என்று குழந்தை வேண்டிக்கொள்ளும். வீடே கூடி நின்று சிரிக்கும். கடைசிப் பல் விழும்போது அப்படி யாரும் கூடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் வரும் வலிக்குக் கைவைத்தியங்கள் இருந்தன. கிராம்பைக் கடித்துக்கொள்வது, உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, பல்லில் புழு இருக்கிறது என்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடிப்பது என்று நாள்கள் ஓடும். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும். அதனால் அன்றிரவு தூக்கம் வந்திருக்கும். சொத்தை மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். விறகுச் சாம்பலும் செங்கல் தூளும் உமிக்கரியும் தேய்த்த பல்லில் எனாமல் தேய்ந்து கூச்சம் எடுத்தது. இவை எல்லாவற்றையும் விடத் தீங்கு செய்தது ஒரு நம்பிக்கை: மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாகப் புறப்படுகின்றன. இந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு முகம் வீங்கி வந்தவர்களைப் பல் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். ஒரு பல்லோடு முடிந்திருக்க வேண்டிய நோய், இப்படித்தான் தாடை எலும்பு வரை போகிறது.

பல் இல்லாமையை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள நம் சாப்பாடும் துணை நின்றது. கேழ்வரகுக் களியை மெல்ல மாட்டார்கள். உருட்டி, கீரைக் கடைசலிலோ கருவாட்டுக் குழம்பிலோ தோய்த்து விழுங்குவார்கள். கம்பங்கூழைக் குடித்துவிடலாம். பல் போனவர் பட்டினி கிடக்கவில்லை என்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இதையே சிலர் இன்றும் வாதமாகச் சொல்கிறார்கள்: களி தின்கிற ஊரில் கடைவாய்ப் பல் எதற்கு? கேழ்வரகு நல்ல தானியம்தான், சந்தேகம் இல்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் மனிதர் களியால் மட்டும் வாழ்வதில்லை. நிலக்கடலை, வேகவைத்த அவரை, மொச்சை, கறி, முருங்கைக்காய், கொய்யா, பொங்கலுக்கு வெட்டுகிற கரும்பு எல்லாம் இதே மண்ணில் விளைந்தும், பல் போனவரின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. புரதமும் நாரும் குறைந்தன. அதற்குப் பதில் குழைந்த சோறும், டீயில் நனைத்த பன்னும், பிஸ்கட்டும் வந்து சேர்ந்தன. களியே பல வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் ஆகிவிட்ட இன்றைய நிலையில், சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்கு மருத்துவர் ‘காய்கறி அதிகம், சோறு குறைவு’ என்று எழுதிக் கொடுக்கிறார். மெல்ல முடியாதவருக்கு அந்தச் சீட்டால் என்ன பயன்? பல் இழப்பை அழகோடு மட்டும் சேர்த்துப் பேசுவது இதனால்தான் பிழை. உணவு சுருங்குவதில்தான் அதன் முதல் கேடு இருக்கிறது.

தருமபுரியில் பல்லைப் பற்றிப் பேசும் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாறை மேல் உட்கார்ந்திருக்கிற மாவட்டம் இது. மேலே இருந்த கிணறுகள் வற்றி, போர்வெல் ஆழமாக இறங்க இறங்க, பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர் குடத்துக்கு வந்தது. அதில் ஃபுளூரைடும் வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அளவு. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளில் பல கிணறுகள் அந்த அளவைத் தாண்டின. எட்டு வயது வரை தாடைக்குள் நிலைத்த பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் குடித்த தண்ணீர்தான் பிறகு முளைக்கிற பல்லின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளைக் கோடு, மஞ்சள், காவி, கடைசியில் குழி என்று அது மாறும். தேய்த்துப் போக்கக்கூடிய அழுக்கு இல்லை அது. வகுப்புப் புகைப்படத்தில் உதட்டை மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகளும், கல்யாணப் பேச்சில் வாயைக் கையால் மறைத்துப் பேசிய பெண்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஊர்த் தண்ணீர் செய்தது அது. 1937இலேயே சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளூரைடு எலும்பை முடக்குவதை மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டத்துக்கு 2008இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் ஜைகா நிறுவனக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் முடிந்து 2013இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின் பிறந்து, காவிரி நீரையே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு நிலைத்த பற்கள் இப்போதுதான் முளைத்து முடிகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காவிப் பல் வேறு, கெட்ட பல் வேறு. ஃபுளூரைடு கறை படிந்த பல்லின் வேர் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். கறைக்காக ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைப்பது வைத்தியம் ஆகாது. வெளுக்கச் செய்வது, மேலே மெல்லிய பூச்சு கொடுப்பது, குழி விழுந்தால் நிரப்புவது, மிகவும் உடைந்திருந்தால் கேப் போடுவது என்று அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பற்களை உண்மையில் பறித்துச் செல்பவை இரண்டு: சொத்தையும் ஈறு நோயும். இவற்றோடு புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும்போது ஈறு இறங்கி, எலும்பு கரைந்து, பல் ஒன்றொன்றாக ஆடும். வயது இந்த இரண்டுக்கும் காலம் கொடுக்கிறது. அது தானாகப் பல்லைப் பிடுங்குவதில்லை. ஜப்பான் இதைச் செயலில் காட்டியது. எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்கள் இருக்க வேண்டும் என்ற இலக்கோடு 1989இல் ‘8020’ என்ற இயக்கத்தை அந்நாட்டு அரசும் பல் மருத்துவச் சங்கமும் தொடங்கின. அப்போது அந்த வயதில் இருபது பல் உள்ளவர்கள் அரிது. ஒரு தலைமுறைக்குள் எண்பதை எட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த இலக்கைத் தொட்டார்கள். வயதுதான் காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது. ‘பல் போனால் சொல் போச்சு’ என்று வருந்திய நம் முன்னோர், பல் போகாமலே இருக்கலாம் என்பதை அறியும் வாய்ப்புப் பெறவில்லை. நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

பல் போன இடம் சும்மா இருப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாத அடுத்த செய்தி. தாடை எலும்பின் மேல் விளிம்பு பல்லுக்காகவே இருப்பது. மெல்லும்போது வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் கீழே இறங்கும் அல்லது மேலே எழும். எல்லாப் பல்லும் போய்ப் பல ஆண்டுகள் ஆனவரின் கன்னம் ஒட்டி, மூக்கும் முகவாயும் நெருங்கி வருவது இந்த எலும்புக் கரைவால்தான். பொக்கை வாய்ச் சிரிப்பு என்று நாம் அன்போடு நினைத்துக்கொள்ளும் முகத்துக்குள் இவ்வளவு தேய்மானம் இருந்தது. பல்செட் இதைத் தடுக்காது. அது ஈறின் மேல் உட்காருகிற பொருள். எலும்புக்கு அது வேலை கொடுப்பதில்லை. மேல் தாடையில் அண்ணத்தைப் பற்றிக்கொண்டு ஓரளவு நிற்கும். கீழ்த் தாடையில் நாக்கு அசைந்தாலே கிளம்பும். முழு பல்செட் போட்டவரின் கடிக்கும் வலு, சொந்தப் பல் உள்ளவருடையதில் நாலில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் பல வீடுகளில் பல்செட் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வந்தது. மற்ற நாள்களில் டம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது.

இம்ப்ளான்ட் எந்த இடத்தில் உதவுகிறது என்பது இங்கிருந்துதான் விளங்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயல் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தின் மேலேயே வளர்ந்து பற்றியிருந்தது. உடல் வேற்றுப் பொருளை ஒதுக்கித் தள்ளும் என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். டைட்டானியத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தை எலும்பு பகையாக நினைக்கவில்லை. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த் தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை அவர் வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ள லார்சனுக்கு அதில் பல் பொருத்தப்பட்டது. 2006இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல், அவை நிலைத்து நின்றன. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனதும் அதே 1965இல்தான். நம் திண்ணைகளில் உரல் இடித்த அந்த ஆண்டிலேயே உலகின் இன்னொரு மூலையில் இதற்கான விடை கிடைத்துவிட்டது. அதை மருத்துவ உலகமே உடனே ஏற்கவில்லை. 1982இல் டொரண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பல நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இதைக் கற்பிக்கத் தொடங்கின. நம் மாவட்டத்துக்கு அது வந்து சேர இன்னும் காலம் பிடித்தது.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. பொறுமை மட்டும் நிறைய வேண்டும். எலும்பின் உயரமும் அகலமும் எவ்வளவு, நரம்பு எங்கே ஓடுகிறது என்று எக்ஸ்ரேயிலும், தேவையானால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனிலும் பார்க்கிறார்கள். ஈறை மரக்கச் செய்து, எலும்பு சூடேறாமல் உப்பு நீரால் குளிர்வித்தபடி துளையிட்டு, பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் உள்ள திருகைப் பொருத்துகிறார்கள். இதுதான் வேர். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளக் கீழ்த் தாடையில் சுமார் 3 மாதமும், எலும்பு மென்மையாக உள்ள மேல் தாடையில் 4 முதல் 6 மாதமும் காத்திருப்பது வழக்கம். பிறகு அதன் மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் கேப். சில வாய்களில் பல் எடுத்த அன்றே வேரை வைத்துவிட முடியும். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. ‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும். எலும்பு கரைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தால் எலும்புத் தூள் வைத்து இடத்தை முதலில் தயார் செய்ய வேண்டியிருக்கும். மேல் கடைவாயில் சைனஸ் அறை இறங்கி வந்திருந்தால் அதை உயர்த்த வேண்டியிருக்கும். காலம் தாழ்த்தியதன் விலை அப்போது தெரியும்.

இம்ப்ளான்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், பிரிட்ஜ் போட்டால் போதாதா என்பது. சில வாய்களுக்குப் போதும். காலி இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்கள் ஏற்கெனவே ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜ்தான் அறிவான முடிவு. இரண்டு பக்கமும் நல்ல பல் இருக்கும்போது அவற்றைச் சீவிச் சின்னதாக்கிப் பாலம் கட்டுவது, ஒரு பல்லுக்காக இரண்டு பல்லைப் பணயம் வைப்பது. இரண்டாவது வாதம் பயத்திலிருந்து வருவது. எலும்புக்குள் இரும்பு வைத்தால் புற்றுநோய் வரும், மூளைக்கு ஆகாது, உடம்பு ஒதுக்கிவிடும் என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் பல நாட்டு மக்களின் வாயில் இருந்துவரும் பொருள் இது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையிலும் டைட்டானியம் பயன்படுகிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உண்மையான ஆபத்துகள் வேறு. கீழ்த் தாடையில் ஓடும் நரம்பைத் துளையிடும் கருவி தொட்டுவிட்டால் உதடு மரத்துப் போகலாம். எலும்பு பற்றாமலே போகலாம். எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளை உட்கொள்பவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அதனால் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் முன்கூட்டியே சொல்வது நோயாளியின் கடமை. கற்பனை ஆபத்துக்குப் பயந்து உண்மை ஆபத்தைக் கேட்காமல் விடுவதே நம்மிடம் உள்ள கோளாறு.

மூன்றாவது வாதத்தைத்தான் மிகவும் கவனமாகச் சந்திக்க வேண்டும். அது இம்ப்ளான்ட்டை எதிர்ப்பவரிடமிருந்து வரவில்லை, அதை அளவுக்கு மீறி நம்புகிறவரிடமிருந்து வருகிறது. ‘இவ்வளவு நல்ல பொருள் இருக்கும்போது, ஆடுகிற பல்லோடும் ரூட் கேனாலோடும் ஏன் போராட வேண்டும்? பிடுங்கிவிட்டு வைத்துவிடலாமே’ என்பது அவர் கேள்வி. சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைக் கயிறுகள் தாங்குவதுபோல, வேரைச் சுற்றி நுண்ணிய நார்கள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அந்த நார்களில் உணர்வு நரம்புகள் உள்ளன. சோற்றில் ஒரு சின்னக் கல் அகப்பட்டாலும் கடியை உடனே நிறுத்தச் சொல்வது அவைதான். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார்கள் கிடையாது. அது எலும்போடு இறுகியது. அழுத்தத்தை உணர்வதும் குறைவு. ஈறும் அதைச் சொந்தப் பல்லைப் பற்றும் அளவுக்கு இறுகப் பற்றாது. அதனால் கிருமி உள்ளே இறங்க வழி எளிது. பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் 100க்கு 90க்கு மேற்பட்டவை வாயில் நிலைத்திருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது பெரிய வெற்றிதான். ஆனால் இம்ப்ளான்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுற்றியுள்ள எலும்பு அழற்சியால் கரையத் தொடங்குகிறது என்பதும் ஆய்வுகள் சொல்வதுதான். காப்பாற்றக்கூடிய பல்லை விட்டுக்கொடுத்து இதை வாங்குவது நஷ்டமான வியாபாரம்.

என் வாதத்தின் மையம் இதுதான். சொந்தப் பல்லைப் பறித்த காரணம் வாயிலேயே இருக்கும்போது, புதிதாக நட்ட வேரையும் அது விட்டுவைக்காது. சர்க்கரை 300ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் உடம்பில் காயம் ஆறாது, எலும்பும் சரியாகப் பற்றாது. கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை இருந்தால் தடையில்லை. புகைப்பவருக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. புகையிலையை வாயில் அதக்குபவரின் ஈறும் வாயும் எப்படியும் ஆபத்தில்தான் இருக்கின்றன. மற்றப் பற்களில் காறை படிந்து ஈறில் ரத்தம் கசியும்போது நடுவில் ஒரு டைட்டானியத்தை வைப்பது, நோயுள்ள இடத்திலேயே புதுப் பொருளையும் கொண்டு வைப்பதாகும். எனவே வரிசை மாறக் கூடாது: முதலில் வாயைச் சுத்தம் செய்து ஈறு நோயை அடக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, புகையிலையை விடுவது, பிறகு வேர் வைப்பது, அதன் பின் ஆயுள் முழுதும் தினமும் இரண்டு வேளை அதைச் சுற்றித் துலக்குவது, குறைந்தது வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டுவது. உலோகத்துக்குச் சொத்தை வராது என்பதால் கவனிக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்களே அதை அதிகம் இழக்கிறார்கள்.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயம் ஆகாது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் ஓர் இம்ப்ளான்ட்டுக்குப் பொதுவாக 20,000 ரூபாயிலிருந்து 50,000 வரை ஆகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25இல் தமிழ்நாட்டின் நாள் ஊதியம் 319 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்திருந்தால் 31,900. அதாவது சித்தேரி மலையிலோ பென்னாகரம் பக்கத்திலோ உள்ள ஒரு குடும்பத்தின் முழு ஆண்டு உறுதி வேலை, அப்போது ஒரு கடைவாய்ப் பல்லின் விலையாக இருந்தது. ‘இது பணக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு’ என்று அவர்கள் சொன்னால் அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தீர்வு, ஏழைக்குப் பல் வேண்டாம் என்பதாக இருக்கக் கூடாது. விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வேர் வைக்க வேண்டியதில்லை. எதிரெதிராகக் கடிக்கும் பத்து ஜோடிப் பற்கள் இருந்தாலே பெரும்பாலானவர்கள் நன்றாக மெல்ல முடியும் என்பது நெதர்லாந்து ஆய்வுகள் காட்டிய உண்மை. எல்லாப் பல்லும் போனவருக்குக் கீழ்த் தாடையில் இரண்டே இரண்டு வேர்களை வைத்து, பல்செட்டை அவற்றில் பட்டனாகப் பொருத்தும் முறையையே முதல் தேர்வாக வைக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். டம்ளரில் கிடந்த பல்செட்டை வாயில் நிறுத்த இரண்டு திருகுகள் போதும். இந்த அளவு சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் மூத்தவர்களுக்குக் கொடுப்பது ஆடம்பரம் ஆகாது.

அதைவிட மலிவான வேலை ஒன்றும் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று வளர்ப்பவை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும்போதே ‘வாயைத் திறங்கம்மா’ என்று சொல்லி ஈறையும் ஆடும் பல்லையும் பார்த்து, தேவைப்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பினால் எத்தனையோ பல் காப்பாற்றப்படும். காவிரி வராத நாளில் பழைய போர்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க நேராதபடி குழாயில் நீர் தவறாமல் வருவதும் பல் வைத்தியம்தான். அதைச் செய்ய வேண்டியவர்கள் ஊராட்சியும் அரசும்.

இனி, பல் இழந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். பல் விழுந்தது வயதின் தீர்ப்பு என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் படித்த, பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சட்டப்படி பதிவு இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்பதால், பதிவைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பல்லைக் காப்பாற்ற வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், பல்செட், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் மூன்றின் செலவையும் ஆயுளையும் பராமரிப்பையும் எழுதி வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் திருகு, பத்தாண்டு கழித்தும் அதன் உதிரி பாகம் கிடைக்குமா, தோற்றால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். சர்க்கரைக்கும் எலும்புக்கும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அன்று பாட்டிகளுக்கு உரலைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள், பெற்றதைத் தினமும் துலக்குங்கள்.